திங்களும் சனியும் தட்டிய கார்

பட்டறையை விட்டு வந்த பிறகும் பையன்கள் என்னை விடுவதாக இல்லை. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருவன் கேட்டிருந்தான்: "பிரேக் பிடிச்சா முன்னாடி டொக்குன்னு ஒரு சத்தம். ஸ்கேனர் போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் காட்டலை. என்ன செய்ய?" நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. ஒருவன் புஷ்ஷை மாற்று என்கிறான். இன்னொருவன் இன்ஜின் மவுண்டிங் என்கிறான். எல்லாரும் மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள், நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டவன் எவனும் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குரல் செய்தியில் திட்டலாம் என்று ஆரம்பித்தேன், பாதியிலேயே தொண்டை கட்டிவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அருப்புக்கோட்டையில் ஐ.டி.ஐ. முடித்த கையோடு அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் சக்கரம் கழற்றினேன், மாட்டினேன், ஏச்சு வாங்கினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது ஃபோர்மேன் காதர் அண்ணனைப் பற்றித்தான்.

காதர் அண்ணன் சத்தம் போட்டுப் பேசமாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். ஒரு வண்டி சத்தம் என்று வந்தால் அவர் பானெட்டைத் திறக்கவே மாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு முதலில் கேள்விதான். மிதிக்கும்போது வருகிறதா, விடும்போதா? முன்னால் போகும்போதா, பின்னால் வரும்போதா? ஒரு தடவை தட்டி நிற்கிறதா, தட்டிக்கொண்டே இருக்கிறதா? ஆள் ஏறினால் குறைகிறதா? டிக்கியில் என்ன இருக்கிறது? இதையெல்லாம் ஓட்டுபவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வருபவரிடம் மறுபடியும் முதலிலிருந்து கேட்பார். "ஓட்டுறவன் ரோட்டைப் பாப்பான். பக்கத்துல இருக்கவுகதான் காதைக் குடுத்துக் கேப்பாக" என்பார்.

இன்னொரு கட்டளையும் உண்டு. தன் காதால் கேட்காத சத்தத்துக்கு ஸ்பேனர் எடுக்கக் கூடாது. பிரித்து மாட்டினால் சத்தம் இடம் மாறிவிடும், பிறகு எந்தக் காலத்திலும் பிடிக்க முடியாது என்பது அவர் கணக்கு. பையன்களே, இது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

செல்வம் என்பவர் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்தது ஒரு வியாழக்கிழமை. திருச்சுழி பஜாரில் பாத்திரக்கடை, வீடு அருப்புக்கோட்டை. அவருடைய அண்ணன் தங்கராஜ் எங்களுக்கு வேண்டியவர். தம்பியோடு கடை ஆரம்பிப்பதற்கு முன்னால் எங்கள் பட்டறையிலேயே என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். நல்ல கை. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, திருச்சுழி ரோட்டில் கண்மாய் வளைவில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று யாரோ ரோட்டில் பரப்பியிருந்த உளுந்தஞ்செடியில் பைக் சறுக்கி விழுந்தார். தலை பாலத்துக் கட்டையில் மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன்னே உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகு செல்வத்தை நான் பார்த்தது அன்றுதான். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கூட அவருடைய மனைவி மகேஸ்வரி.

"காதரண்ணே, பிரேக்குல ஒரு சத்தம். டொக்குன்னு ஒரே ஒரு தட்டு" என்றார் செல்வம்.

"எப்ப வருது தம்பி?"

செல்வம் கீழே பார்த்தார். "திங்கக்கிழமையும் சனிக்கிழமையும்."

நான் சிரித்துவிட்டேன். கிழமை பார்த்து வரும் சத்தத்தைக் கேள்விப்பட்டதில்லை என்று ஏதோ சொல்லவும் வாயெடுத்தேன். காதர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயை மூடிக்கொண்டேன்.

"எந்த இடத்துல?"

மகேஸ்வரிதான் சொன்னார். "கண்மாய் வளைவுலண்ணே. அவுக அண்ணன் விழுந்த இடத்துல. வேற எங்கயும் வராது. அந்த இடத்துல பிரேக்குல காலை வச்சா, யாரோ கீழ இருந்து கையால தட்டுற மாதிரி ஒரு தட்டு. கருமாதி முடிஞ்சு இவுக காரை எடுத்த நாள்ல இருந்து இப்படித்தான்."

பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை, ஆனாலும் எனக்கு என்னவோ எல்லாம் அமைதியாகிவிட்டது போல் இருந்தது.

அன்று நாங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். டிக்கியைக் காலி செய்தோம். ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வைத்தோம். பாலவனத்தம் ரோட்டில் நானே ஓட்டினேன், காதர் அண்ணன் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மெதுவாகப் பிடித்தேன், அழுத்திப் பிடித்தேன், வேகமாகப் போய்ப் பிடித்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. திரும்பி வந்து வண்டியைத் தூக்கி, அடியில் புஷ், பால் ஜாயிண்ட், சைலன்சர் கொக்கி எல்லாவற்றையும் கம்பி போட்டு நெம்பிப் பார்த்தேன். எல்லாம் கெட்டி.

"சக்கரத்தைக் கழத்திப் பாத்துருவமாண்ணே?" என்று கேட்டேன்.

"பிரேக்கெல்லாம் பார்க்க வேணாம்ணே. புது பேடு. எங்க அண்ணனே போட்டது" என்றார் செல்வம்.

காதர் அண்ணனும் வேண்டாம் என்றார். "நான் இன்னும் கேக்கலை. சனிக்கிழமை காலையில வீட்டுக்கு வாரோம். நீங்க எப்பவும் போற மாதிரியே போங்க."

கிளம்பும் நேரத்தில் செல்வம் சாவியை வாங்கப் போனபோது மகேஸ்வரி எங்கள் பக்கம் வந்து நின்றார். "அண்ணே, அவுக இருக்கும்போது சொல்ல முடியலை. இப்பல்லாம் அந்த வளைவுல இவுக பிரேக்கே பிடிக்கிறதில்லை. பிடிச்சாத்தானே தட்டும்னு, காலைத் தூக்கி வச்சுக்கிட்டு அப்படியே போயிடுறாக. காலையில சூரியன் நேரா கண்ணுல அடிக்கும். எதுக்க என்ன வருதுன்னே தெரியாது. நான் சொன்னா கேக்குற ஆள் இல்லை. எனக்கு இவுக உசுரோட வேணும்ண்ணே."

அவர்கள் போன பிறகு காதர் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம் சொன்னார். "ஏலே வேலு, இது சத்தம் கண்டுபிடிக்கிற வேலை இல்லைடா. அந்த வளைவுல ஒருத்தன் பிரேக் இல்லாத வண்டி ஓட்டுறான். ஒண்ணு யாரையாச்சும் அடிப்பான், இல்ல அவனே போவான்." குரல் மிகவும் தணிந்திருந்தது.

சனிக்கிழமை பொழுது விடியும்போது போய்விட்டோம். அவர்கள் வீடு தெருவுக்குத் தெரு நீளும் வீடு. மேற்கு வாசல் பிள்ளையார் கோயில் தெருவில், கிழக்கு வாசல் திருச்சுழி ரோட்டுக்குப் போகும் சந்தில். தினமும் சாயங்காலம் மேற்கு வாசலில் நுழைந்து நிற்கும் கார், காலையில் அப்படியே நேராகக் கிழக்கு வாசல் வழியாகப் போய்விடுமாம். மகேஸ்வரியும் காதர் அண்ணனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். நான் கிழக்கு வாசலில் போய் நின்றேன், வெளியே வரும்போது சக்கரத்தைப் பார்க்கலாம் என்று.

ஆனால் கார் கிழக்கே வரவில்லை. ரிவர்ஸ் எடுத்து மேற்கு வாசல் வழியாகப் பின்னால் போனது. நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பிள்ளையார் கோயில் வரைக்கும் பின்னாலேயே போய், கோயில் வாசலை நெருங்கியது. வண்டிக்குள் சாமிப் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மகேஸ்வரி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்த நேரம் செல்வம் பிரேக் பிடித்து நிறுத்தினார், அந்தச் சக்கரத்துக்குள்ளிருந்து கேட்டது. டொக்.

மூடிய கதவில் ஒரு விரல் முட்டித் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு தட்டு. எனக்கு முழங்கை முடி நட்டுக்கொண்டது. வண்டிக்குள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டுச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவுடன் ஏன் பின்னால் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"திங்களும் சனியும் கிழக்கே சூலம்ண்ணே" என்றார் மகேஸ்வரி. "கிழக்கே போகக்கூடாது, ஆனா கடை கிழக்கதான் இருக்கு. அதனால அந்த ரெண்டு நாளும் முதல்ல மேக்கே கிளம்பின மாதிரி பிள்ளையார் வரைக்கும் பின்னால போயிட்டு, அப்புறம் சுத்திப் போவாக. எங்க மாமனார் காலத்துப் பழக்கம். மத்த நாள்ல காலையில வண்டி பின்னால போறதே இல்லை."

காதர் அண்ணன் கண்ணைத் திறந்தார். மறுபடியும் மூடிக்கொண்டார்.

ஊருக்குள் செல்வம் கியரிலேயே ஊர்ந்து போனார், பிரேக்குக்கு வேலை இல்லை. ஊர் தாண்டியதும் ரோடு நேர்கோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். எங்கோ கரிமூட்டம் போட்டிருந்தார்கள், அந்தப் புகை தரையோடு தரையாக ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. பாட்டை செல்வமே நிறுத்திவிட்டார். வளைவு நெருங்கியது. சூரியன் கண்ணாடி முழுக்க நின்றது. பாலத்துக் கட்டையில் ஒரு காய்ந்த மாலை கிடந்தது தெரிந்தது. செல்வத்தின் வலது கால் பிரேக்கை விட்டு நன்றாகத் தள்ளி இருந்தது, நான் குனிந்து பார்த்தேன்.

"தம்பி, பிரேக்கைப் பிடிங்க" என்றார் காதர் அண்ணன்.

செல்வம் பிடிக்கவில்லை.

"தம்பி."

அப்போதுதான் அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஆடுகள் வந்தன. ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு, நடுவில் தலைத்துண்டோடு ஒரு பெரியவர். மகேஸ்வரி கத்தினார். நான் ஸ்டியரிங்குக்குக் கையை நீட்டினேன். செல்வம் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தார்.

டொக்.

வண்டி நின்றுவிட்டது. முன் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி ஆடுகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு எங்களையும் பாலத்துக் கட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு புகைக்குள் போய்விட்டார். மகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு அழுதார். செல்வம் சொன்னார், "கேட்டீகளா? கேட்டீகளாண்ணே? அண்ணன் கூப்பிடுறாக."

கோயில் வாசலில் கேட்டதையும் சேர்த்து இரண்டாவது தடவை கேட்கிறேன். பகல் வெளிச்சம்தான், ஆனாலும் அந்த இடத்தில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

காதர் அண்ணன் இறங்கினார். செல்வத்தைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் முன்சீட்டுக்கு வந்து, என்னை ஓட்டச் சொன்னார். "முன்னால போய் இன்னொரு தடவை பிடி." பிடித்தேன். சத்தம் இல்லை. "மறுபடி." இல்லை. "இப்ப ரிவர்ஸ்ல போய்ப் பிடி." பிடித்தேன், லேசாக ஒரு டொக். "இப்ப முன்னால." டொக்.

வளைவை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு பருத்திக் காட்டு ஓரத்தில் வைத்து இன்னும் சில தடவை செய்தோம். பின்னால் போய்ப் பிடித்துவிட்டு முன்னால் வந்து அழுத்திப் பிடித்தால் ஒரே ஒரு தட்டு. அடுத்த தடவை பிடித்தால் இல்லை. எந்த இடமானாலும் அப்படித்தான்.

காதர் அண்ணன் திரும்பி செல்வத்திடம் சொன்னார். "தம்பி, நல்லாக் கேட்டுக்கங்க. முன் சக்கரத்துல பிரேக்கைத் தாங்குற ஒரு பிராக்கெட் லூசா இருக்கு. பின்னால போய் மிதிச்சா பின்பக்கம் சாயுது. அப்புறம் முன்னால வந்து முதல் தடவை அழுத்தி மிதிக்கிறப்ப, பழைய இடத்துக்கு வந்து இடிக்குது. அதான் தட்டு. சூலம் பாக்குற நாள்லதான் நீங்க பின்னால எடுக்குறீக. ஊரைத் தாண்டி முதல்ல அழுத்திப் பிடிக்கிற இடம் இந்த வளைவு. கடை வாசல்ல ரிவர்ஸ் எடுத்தப்பவும் தட்டியிருக்கும், பஜார் இரைச்சல்ல நீங்க கேக்கலை. இங்க மட்டும்தான் காதைக் குடுத்துக்கிட்டே வந்திருக்கீக."

செல்வம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். மகேஸ்வரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் அப்படி ஒரு நிம்மதி. வழியெல்லாம் நான் செல்வத்தைக் கேலி செய்துகொண்டே வந்தேன். வண்டியை மட்டும் நடக்கிற வேகத்தில் ஓட்டினேன், அந்தப் போல்ட் எந்த நிமிடம் கழன்று விழுமோ என்று.

பட்டறைக்கு வந்ததும் இருவரையும் எதிர்த்த டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, ஜாக்கி போட்டு முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன். காதர் அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. பிராக்கெட்டைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட் முறுக்காக இருந்தது. கீழ் போல்ட் பாதி வெளியே வந்து நின்றது. விரலால் திருகப் போனேன், கை அப்படியே நின்றுவிட்டது.

போல்ட் தலைக்கு அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. பனியன் துணியில் கிழித்த மெல்லிய நாடா. எண்ணெயும் புழுதியும் ஏறிக் கறுத்திருந்தது, ஆனால் முடிச்சு முடிச்சாகவே இருந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். ஒரு போல்ட்டைக் கையால் மாட்டிவிட்டு, ஸ்பேனர் போட்டு முறுக்குவதற்குள் யாராவது கூப்பிட்டால், எழுந்து போகுமுன் அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வேலை முடியவில்லை, நான் திரும்பி வருவேன் என்று அர்த்தம். காதர் அண்ணன் ஏற்படுத்தியது. அருப்புக்கோட்டையில் வேறு எந்தப் பட்டறையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டேன்.

காதர் அண்ணன் வந்து குந்தி உட்கார்ந்தார். முடிச்சைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "தங்கராசு முடிச்சு. இடது கையால போடுவான், தலைகீழா இருக்கும்" என்றார்.

அதை அவிழ்க்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. முடிச்சின் வால் போல்ட் மரைக்குள் இழுபட்டு இறுகிக் கிடந்தது. அந்தத் துணி அப்படிச் சிக்கியிருக்காவிட்டால், கையால் மாட்டிய போல்ட் ஒரு மாதம் தாங்கியிருக்காது. எப்போதோ கழன்று விழுந்து, பிராக்கெட் சக்கரத்தைப் பிடித்து, வண்டி குப்புற அடித்திருக்கும். இதற்கும் காரணம் உண்டு, துணி சிக்குவது நடக்கிற காரியம்தான். காரணம் தெரிந்த பிறகும் அந்தத் துணியைக் கீழே போட எனக்கு மனம் வரவில்லை.

"சொல்ல வேணாம்ணே. போல்ட்டு லூஸுன்னு சொல்லி அனுப்பிருவோம்" என்றேன்.

"அவன் விட்டுட்டுப் போன வேலையை நான் எப்படி மறைக்க?" என்று காதர் அண்ணன் செல்வத்தைக் கூப்பிட்டார். துணியைக் காட்டி, அதன் அர்த்தத்தையும் சொன்னார். "விழுந்த அன்னைக்குக் காலையில இந்த வேலையில இருந்திருக்கான். யாரோ கூப்பிட்டிருக்காக. சக்கரத்தை மாட்டி வச்சுட்டு, காரை எடுக்கக் கூடாதுன்னுதான் பைக்கை எடுத்துருக்கான்."

செல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தாண்ணே கூப்பிட்டேன்" என்றார். "கல்யாண வீட்டுக்காரவுக கடையில வந்து நிக்கிறாக, அண்டா கேக்குறாக, குடோன் சாவி அண்ணன்கிட்ட. உடனே வாங்கன்னு சத்தம் போட்டேன். கையில வேலை இருக்குடா, முடிச்சுட்டு வாரேன்னாக. அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், வாங்கன்னு போனை வச்சுட்டேன்."

பின்னால் வந்து நின்ற மகேஸ்வரிக்கு இது அதுவரை தெரியாது என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவர் செல்வத்தின் பக்கத்தில் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் புது போல்ட் எடுத்து வந்து முறுக்கினேன். நான்கு சக்கரத்தையும் கழற்றி எல்லாவற்றையும் சரிபார்த்தேன். காதர் அண்ணன் என் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றையும் தன் கையால் இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை என்னைக் கூடப் போகச் சொன்னார். வேலை முடிந்ததா என்று பார்ப்பது ஒன்று, செல்வம் பிரேக் பிடிக்கிறாரா என்று பார்ப்பது இன்னொன்று. சூலம் என்பதால் செல்வம் பிள்ளையார் கோயில் வரை பின்னால் போய்த்தான் கிளம்பினார். நாங்கள் இரண்டு பேர்தான். ஊர் தாண்டியது, புகை வந்தது, சூரியன் கண்ணில் அடித்தது. வளைவுக்கு முன்னாலேயே செல்வத்தின் கால் பிரேக்குக்கு வந்துவிட்டது. மிதித்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. வண்டி மெதுவாகப் பாலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் இன்ஜினையும் அணைத்துவிட்டார். கருவேலங்காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவர் தலையைச் சாய்த்து, எதையோ எதிர்பார்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த அமைதி, முன்னால் கேட்ட தட்டைவிடப் பயமாக இருந்தது.

"தட்டுறாகன்னு பயந்து செத்தேன் வேலண்ணே" என்றார் கடைசியில். "ஆனா தட்டுற வரைக்கும் இங்கனதான் எங்கயோ இருக்காகன்னு இருந்துச்சு. அண்ணன் செத்துப் போயிட்டாகண்ணே."

முதல் முதலாக எனக்குச் சேதி சொல்வதுபோல்தான் சொன்னார். துட்டி வீட்டுக்குள் நுழைந்ததும் துக்கம் கேட்க நீட்டுவோமே, அதுபோல இரண்டு கையையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினேன். செல்வம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, என் கையைத் தொட்டார்.